நேராகிப் போன தண்ணீர்

நான் பலூன் விற்கிறவன். அமாவாசைக்கு மேல்மலையனூர்க் கோயில், ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டை வாசல், மற்ற நாளில் எங்கே கூட்டமோ அங்கே. படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. என் மனைவி எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எப்படி ஒத்துக்கொண்டாள் என்று கேட்காத ஆள் இல்லை. அத்தை மகள். அவ்வளவுதான் பதில். கேட்டவர்களுக்கு அது போதவில்லை. எனக்குப் போதும்.

அவள் எம்.எஸ்சி. முடித்து, பி.எட். முடித்து, நான்கு தனியார் பள்ளிகளுக்குப் போய் வந்தாள். எல்லா இடத்திலும் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. அந்த நான்கு பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு அரை மணி நேரம் பாடம் சும்மா கிடைத்தது.

ஐந்தாவது பள்ளி அவலூர்பேட்டை ரோட்டில் இருக்கிறது. அங்கே பதினொன்றாம் வகுப்புக்குக் கெமிஸ்ட்ரி எடுத்த டீச்சர் பிரசவத்துக்குப் போய்விட்டார். போன் வந்தது. வெள்ளிக்கிழமை மாதிரி வகுப்பு, தலைப்பு மூலக்கூறுகளின் வடிவம், மாடல் இருந்தால் கொண்டு வரலாம் என்றார்கள்.

போனை வைத்துவிட்டு அவள் சொன்னாள்.

"இதான் கடைசி மாமா. இதுவும் இல்லன்னா கம்பெனி வேனுக்குப் பேர் குடுத்துடுவேன்."

அந்த வேன் விடிகாலையில் எங்கள் தெருவுக்கு வரும். நான்கைந்து பெண்கள் ஏறுவார்கள். ஷூவுக்கு அடி ஒட்டுகிற வேலை. பசையிலும் கெமிஸ்ட்ரி இருக்கும் என்றேன். முறைத்தாள்.

மாடல் என்றால் மர உருண்டையும் குச்சியும் வைத்த பெட்டி. காலேஜில் இருந்ததாம், எங்கள் வீட்டில் இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் மைதா மாவைப் பிசைந்து, உருண்டை பிடித்து, ஊதுவத்திக் குச்சியில் செருகிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் செருகினால் மறுபக்கம் தொங்கியது. பார்க்கப் பாவமாக இருந்தது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த அமாவாசைக்கு வாங்கிய சரக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பாக்கெட்டுக்கு நாலு எடுத்துப் பம்பில் ஊதிப் பார்ப்பது வழக்கம். ஊதின நாலையும் ஒரே முடிச்சாகக் கட்டுவேன். அப்படிக் கட்டினால்தான் கழியில் எல்லாப் பக்கமும் நிற்கும். ஒரு குலையைக் கட்டித் தரையில் போட்டேன். அவள் மாவுக் கையோடு அதைப் பார்த்தாள்.

"இப்பிடிக் கட்ட யாரு மாமா சொல்லிக் குடுத்தது?"

"எப்பிடி?"

"இப்பிடி நிக்கற மாதிரி."

"யாரும் இல்ல. கட்டினா அதுவா நிக்குது."

அவள் எடுத்து வீசினாள். மூன்று பலூன் தரையில், ஒன்று மேலே. மறுபடி வீசினாள். அப்படியேதான் விழுந்தது. எப்படிப் போட்டாலும் மூன்று கீழே, ஒன்று மேலே.

"நெருஞ்சி முள்ளு மாதிரி" என்றேன்.

"மீத்தேன்" என்றாள்.

மாவு அன்று சாயந்திரம் போண்டா ஆனது. உருண்டை ஏற்கெனவே பிடித்திருந்ததால் வேலை மிச்சம். ஊதுவத்தி வாசனை கொஞ்சம் இருந்தது.

பிறகு என்னைக் கட்டச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு பலூனை ஒரு முடிச்சில் கட்டினால் ஒரே நேர்க்கோடு. மூன்று கட்டினால் மூன்று ரெக்கை ஃபேன் மாதிரி தட்டை. நான்கு கட்டினால் நெருஞ்சி முள். இத்தனை வருஷம் கட்டுகிறேன். இதற்கெல்லாம் புத்தகத்தில் பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"முடிச்சு இருக்குது பாரு, அதான் நடு அணு. ஒவ்வொரு பலூனும் ஒரு ஜோடி எலக்ட்ரான். அதுங்களுக்கு ஒண்ண ஒண்ணு புடிக்காது. எவ்ளோ தூரம் தள்ளி நிக்க முடியுமோ அவ்ளோ தூரம் தள்ளி நிக்கும்."

"பாகம் பிரிச்ச அண்ணன் தம்பி."

"ஆமா. ஆனா வீட்ட வுட்டுப் போவ முடியாது. முடிச்சு ஒண்ணுதான்."

எனக்கு இரண்டு அண்ணன். புரிந்தது.

அடுத்தது இழுபறி. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் எலக்ட்ரானைப் பொதுவில் வைத்துக்கொள்ளுமாம். பொதுவில்தான், ஆனால் ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் நெகட்டிவ், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் பாசிட்டிவ்.

"ஒரே போர்வைல ரெண்டு பேர் படுத்த மாதிரி" என்றேன்.

"அதேதான்."

"ஆக்சிஜன் நீதான?"

"ஆளப் பாரு. காலைல எழுந்தா போர்வை முழுக்க யார் மேல இருக்குது?"

ஒரு தண்ணீரின் பாசிட்டிவ் பக்கம் பக்கத்துத் தண்ணீரின் நெகட்டிவ் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியால்தான் தண்ணீர் தண்ணீராக இருக்கிறது என்றாள். மலையனூர்க் கூட்டத்தில் பெண்கள் முன்னால் போகிறவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். கை நழுவும், அடுத்த முந்தானையைப் பிடிப்பார்கள். அது மாதிரியா என்று கேட்டேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மூன்று மாடல் போதும் என்று முடிவு செய்தோம். மூன்றும் நாலு பலூன் குலைதான். எல்லாம் மஞ்சள். மஞ்சள்தான் விற்காமல் கிடந்தது. சாண கேஸில் இருக்கிற மீத்தேனுக்கு நாலு பலூனிலும் மார்க்கரால் ஹெச் என்ற இங்கிலீஷ் எழுத்து. பஸ் ஸ்டாண்டு கக்கூஸில் மூக்கைப் பொத்த வைக்கிற அமோனியாவுக்கு மூன்றில் எழுத்து, ஒன்று வெறுமை. தண்ணீருக்கு இரண்டில் எழுத்து, இரண்டு வெறுமை. அந்த வெறும் பலூன் எதற்கு என்றும் சொன்னாள். நான் அப்போது பம்பின் வாஷரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினேன். அது வழக்கமாக ஆட்டுகிற தலை.

வெள்ளிக்கிழமை அவள் ஒன்பது மணிக்கே போய் படிவம் நிரப்ப வேண்டும். வகுப்பு பதினொன்றுக்கு. ஊதின பலூன் வெயிலில் ரொம்ப நேரம் தாங்காது. நான் அப்புறமாக ஊதி எடுத்து வருவதாகப் பேச்சு. மொபெட்டில் கட்டினால் காற்று பிய்த்துவிடும், பஸ்தான் சரி. அங்கேயே வந்து ஊதட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் மாமா. வாட்ச்மேன் கையில குடுத்துட்டு வந்துடு."

ஏன் என்று கேட்கவில்லை. படிவத்தில் கணவர் தொழில் என்ற இடத்தில் சுயதொழில் என்று எழுதுவாள். நான்கு முறையும் அதைத்தான் எழுதினாள்.

டவுன் பஸ் வந்தபோது நிற்க இடமில்லை. மூன்று குலையையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் ஏறினேன். கண்டக்டர் பார்த்தார்.

"யோவ், இன்னாய்யா இது? உனக்கு ஒரு டிக்கெட்டு, இதுக்குப் பன்னெண்டு டிக்கெட்டா?"

"பள்ளிக்கூடத்துக்கு சார்."

வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மல்லாட்டை மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா முகத்தில் அமோனியா இடித்தது.

"ஏம்பா, கண்ணக் குத்துது. பள்ளிக்கூடத்துல பலூனா படிக்குதுங்க?"

"கெமிஸ்ட்ரிம்மா."

"பீஸ் கட்டிச் சேத்தா பலூன் ஊதக் கத்துக் குடுக்கறானுங்களா? அத நீயே சொல்லிக் குடுக்கலாமே."

அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கண்டக்டர் விசிலைக் கையில் எடுத்துவிட்டார்.

"நாலஞ்சு பலூன ஒடச்சி எடம் பண்ணு. இல்லன்னா எறங்கிக்க."

அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் பதினொன்று தாண்டிவிடும். பலூன்காரனுக்கு ஒரு கணக்கு உண்டு. படம் போட்ட பலூன்தான் விலை போகும். வெறும் பலூன் கொசுறு. கூட்டத்தில் இடம் பத்தவில்லை என்றால் முதலில் வெறும் பலூனைத்தான் உடைப்போம். குலையைப் பார்த்தேன். ஒன்பதில் எழுத்து இருந்தது, மூன்றில் ஒன்றும் இல்லை. சட்டையில் இருந்த ஊக்கை எடுத்து மூன்றையும் குத்தினேன். டிரைவர் சடன் பிரேக் போட்டார். டயர் என்று நினைத்துவிட்டார். அதற்கும் எனக்குத்தான் திட்டு.

குத்தினதும் அமோனியா ஃபேன் மாதிரி தட்டையாகிவிட்டது. தண்ணீர் நேராகிவிட்டது, நடுவில் முடிச்சு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பலூன். பிடிக்கச் சுலபமாக இருந்தது. நல்ல யோசனை என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளியில் வாட்ச்மேனிடம் கொடுத்தேன். அவர் அதைச் சாமி குடை மாதிரி தூக்கிக்கொண்டு போனார். நான் கிளம்பியிருக்க வேண்டும். திரும்பிப் போக இப்போது பஸ் இருக்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் நிழலில் நின்றேன்.

உள்ளே நாற்பது பிள்ளைகள். கடைசி பெஞ்சில் தாளாளரும் பிரின்சிபால் அம்மாவும். தாளாளர் முன்பு அரிசி மில் வைத்திருந்தவர் என்று வாட்ச்மேன் சொன்னார். பிரின்சிபால் அம்மா கெமிஸ்ட்ரி படித்தவராம்.

மீத்தேன் நன்றாகப் போனது. வீசிப் போட்டுக் காட்டினாள். பிள்ளைகள் இன்னொரு முறை என்றார்கள். அடுத்து, "இப்ப அமோனியா" என்று சொல்லிக்கொண்டே திரும்பி மேஜைக்குக் கீழே கை விட்டாள். தட்டையாக ஒன்று வந்தது. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். நேராக ஒன்று வந்தது.

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பேச்சு நின்றுவிட்டது.

பிரின்சிபால் அம்மா எழுந்தார்.

"எதும்மா அது?"

"தண்ணி மேடம்."

"தண்ணி நேராவா இருக்கும்?"

"நேரா இருந்தா நல்லதுதான மேடம்" என்றார் தாளாளர்.

"இல்ல சார். வளைஞ்சுதான் இருக்கணும். அதுலதான் விஷயமே" என்றார் பிரின்சிபால் அம்மா.

அப்போது என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தாள். நான் தொட்டிக்குப் பின்னால் போக நினைத்தேன். அதற்குள் அவள் கண்ணில் பட்டுவிட்டேன். நேற்று அந்த வெறும் பலூன் பற்றி அவள் என்ன சொன்னாள் என்று யோசித்தேன். வாஷர் மட்டும்தான் ஞாபகம் வந்தது. கம்பெனி வேனும் ஞாபகம் வந்தது.

அவள் அந்த நேர்த் தண்ணீரைத் தூக்கிப் பிடித்தாள்.

"பசங்களா, இது தப்பு. இத எடுத்துகினு வந்தவரு எழுத்து இல்லாத பலூன வெத்துன்னு நெனச்சி ஒடச்சிட்டாரு. நீங்களும் பரீட்சைல இதே தப்பத்தான் பண்ணுவீங்க. ரெண்டு ஹைட்ரஜன்தான இருக்குது, அப்ப நேராத்தான் இருக்கும்னு எழுதுவீங்க. அவரையே கூப்பிடறேன், வந்து சரி பண்ணட்டும்."

ஜன்னலைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பம்பு பையில் இருந்தது. சட்டைப் பையில் பாக்கெட் எப்போதும் இருக்கும். இரண்டு மஞ்சள் எடுத்து ஊதினேன். எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். படபடப்பில் இரண்டு அமுக்கு கூடவே அமுக்கிவிட்டேன். பலூன் மற்றதைவிடப் பெருத்துவிட்டது. நடு முடிச்சில் சேர்த்துக் கட்டினேன். கட்டி முடிக்கும்போதே எழுத்து போட்ட இரண்டு பலூனும் தாமாக ஒரு பக்கமாக வளைந்து வந்தன.

முன் பெஞ்சில் ஒரு பெண்பிள்ளை, "மிஸ், அத யாருமே தொடலையே" என்றது.

"தொட வேணாம். இந்த ரெண்டும் எந்த அணுவையும் கட்டிப் புடிக்காத ஜோடி. தனி ஜோடின்னு பேரு. யாரோடையும் சேராது. ஆனா எடத்த அடைச்சிக்கும். அதுங்க தள்ளறதுல ஹைட்ரஜன் ரெண்டும் இந்தப் பக்கம் வந்துடும்."

"எங்க கமிட்டி மெம்பருங்க மாதிரி" என்றார் தாளாளர். "வேல ஒண்ணும் கெடையாது. எடம் மட்டும் அடைச்சிக்குவாங்க."

பிள்ளைகள் சிரிக்கலாமா என்று பிரின்சிபால் அம்மாவைப் பார்த்தார்கள். அவர் பலூனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது ரெண்டும் ஏன் பெருசா இருக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள். "தனி ஜோடி கொஞ்சம் அதிக எடம் எடுத்துக்கும் மேடம். அதனாலதான் தண்ணில கோணம் மீத்தேன விடக் கொறைவு."

"கரெக்ட்" என்றார். "ரொம்ப யோசிச்சுப் பண்ணியிருக்கீங்க."

நான் பம்பைத் துடைத்தேன்.

"சரி, தண்ணி நேரா இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்? அதச் சொல்லுங்க."

"ஆக்சிஜன் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ஒரே அளவு இழுக்கும் மேடம். எதிர் எதிர்ப் பக்கம்ன்றதால மொத்தத்துல ஒண்ணுக்கொண்ணு அடிபட்டுப் போயிடும். ஒரு பக்கம் பாசிட்டிவ், ஒரு பக்கம் நெகட்டிவ்னு ஆவாது. அப்ப ஒரு தண்ணி இன்னொரு தண்ணிய இப்ப மாதிரி புடிச்சிக்காது. மலையனூர் கூட்டத்துல முந்தானைய வுட்டுட்டா ஆளாளுக்கு ஒரு பக்கம் போயிடுவாங்கல்ல, அது மாதிரி. இந்த வெயிலுக்கு அது காத்தாவே போயிருக்கும். கொடத்துல நிக்காது."

"எங்க தெருக் கொழாய்ல இப்பவே காத்துதான் மிஸ் வருது" என்றான் பின் பெஞ்சில் ஒருவன். இந்த முறை பிரின்சிபால் அம்மாவும் சிரித்துவிட்டார்.

அமோனியாவுக்கும் ஒரு வெறும் பலூன் கட்டினேன். தட்டையாக இருந்தது முக்காலி மாதிரி கால் மடக்கி நின்றது. என் வேலை முடிந்தது. வெளியே வரும்போது தாளாளர் நிறுத்தினார்.

"தம்பி இன்னா பண்றீங்க? லேப் அசிஸ்டென்ட்டா?"

எனக்கு முன்னால் அவள் சொன்னாள். "என் வூட்டுக்காரர் சார். மலையனூர்ல பலூன் விக்கறாரு."

தாளாளர் என்னைப் பார்த்தார். பிறகு பலூனைப் பார்த்தார். "ஓ" என்றார்.

நான் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தேன். அவள் ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். பக்கத்தில் நின்றாள். முதலில் திட்டினாள். பஸ்ஸில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். மல்லாட்டை அம்மா பேசினதைச் சொன்னபோது சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அதற்குப் பிறகு சொன்னாள்.

"வேல குடுத்துட்டாங்க."

"சரி."

"திங்கக்கெழமைலேர்ந்து வரச் சொன்னாங்க. ஒரு கண்டிஷன்."

"இன்னா?"

"நீ பலூன் கழியோட ஸ்கூல் பக்கம் வரக் கூடாதாம். பேரன்ட்ஸ் பாத்தா ஒரு மாதிரி இருக்குமாம். தாளாளர்தான் சொன்னாரு. மேடம் ஒண்ணும் சொல்லல."

"அங்க எனக்கு யாவாரமே கெடையாது. புள்ளைங்கள எல்லாம் வேன்ல அள்ளினு போயிடறாங்க."

"அது இல்ல மாமா."

"வேற இன்னா? சரின்னு சொல்லிட்ட இல்ல?"

"ஒண்ணும் சொல்லல. ஆர்டர வாங்கினு வந்துட்டேன்."

"சரின்னு சொல்றதுதான. இதுக்குன்னு வேலைய வுட்டுட்டு வேன்ல ஏறப் போறியா?"

பஸ் வந்தது. அதே கண்டக்டர். என் கையில் எதுவும் இல்லாததைப் பார்த்து, "இன்னாய்யா, எல்லாம் பாஸாயிட்டுதா?" என்றார்.

சனி, ஞாயிறு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஒன்று கோபம், இல்லை முடிவு பண்ணிவிட்டாள். எது என்று முகத்தில் தெரியாது.

திங்கட்கிழமை அமாவாசை. மலையனூருக்குப் போகும் வழியில்தான் பள்ளி. மொபெட்டில் கழியைக் கட்டி, ஊதாத சரக்கைப் பையில் வைத்து, கழியின் உச்சியில் மட்டும் மாதிரிக்கு, காற்று பிய்க்காதபடி பாதி ஊதின ஒரு குலை கட்டியிருந்தேன். நீ ஆட்டோவில் போய்க்கொள் என்றேன். அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

கழி அவள் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. பள்ளிக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கமே புளியமரத்தடியில் நிறுத்தினேன்.

"இன்னாத்துக்கு நிறுத்தற?"

"இங்கயே எறங்கிக்க. ரெண்டு எட்டுதான்."

"நான் இன்னா, எண்ணெயில வுட்ட தண்ணியா? தனியா நிக்கறதுக்கு?"

"தாளாளரு பாப்பாரு."

"பாக்கட்டும். அன்னிக்கு நாப்பது புள்ளைங்க பாத்தாச்சி. உள்ள போ மாமா."

வேகத்தடையில் ஏறி இறங்கினேன். வாட்ச்மேன் கேட்டுக்குக் குறுக்கே நின்றார். கழியைப் பார்த்தார். அவள் சேலையைப் பார்த்தார். இரண்டும் எப்படிச் சேரும் என்று யோசித்தார் போல.

"கெமிஸ்ட்ரி டீச்சர்" என்றாள் அவள். "கதவத் தொறங்கண்ணா."

திறந்தார். படிக்கட்டு வரைக்கும் ஓட்டினேன். வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அவள் இறங்கி, சேலையைச் சரி பண்ணிக்கொண்டு படியேறிப் போனாள்.